மலைநகரப் பாடசாலையும் அதன் மைதானமும்

நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை மாதிரியான இலங்கை மலையகத்தின் (தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலைநாட்டின்) சிறு நகரங்களின் தமிழ்ப் பாடசாலைகள் எப்படி உருவாயின என்பது ஒன்று. அங்கே விளையாட்டு என்றால் ஏன் ஓட்டமும் கரப்பந்தும் உதைபந்துமாகவே இருக்கிறது, கிரிக்கெட்டில் முரளி மாதிரி இன்னொருவர் ஏன் வரவில்லை என்பது மற்றது. உங்கள் பாடசாலையின் ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதப் போவதாகவும் சொல்லியிருந்தீர்கள். இரண்டையும் பிரித்து எழுதினால் கட்டுரை சப்பென்று போய்விடும். மலையகத்தில் பாடசாலை வரலாற்றைத் தோண்டினாலும் சரி, விளையாட்டு வரலாற்றைத் தோண்டினாலும் சரி, ஒரே கேள்வியில்தான் போய் முட்டும்: சமதரை யார் கையில் இருந்தது?

முதலில் பாடசாலை. கோப்பிக் காலத்திலேயே மிஷனரிகள் தோட்டங்களுக்குள் வந்துவிட்டார்கள். தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களுக்கென்று ஒரு தனி மிஷன் 1854-ல் தொடங்கியது. கோப்பி இலைநோயில் அழிந்து, தேயிலை மலைகளை மூடி, ரயில் பாதை மேலே ஏறிய பிறகுதான் நகரங்கள் உருவாயின. ரயில் 1874-ல் நாவலப்பிட்டிக்கும், 1884-ல் ஹட்டனுக்கும், 1885-ல் நானுஓயாவுக்கும், 1894-ல் பண்டாரவளைக்கும் வந்தது. பதுளை 1924 வரை காத்திருந்தது. இந்த ஆண்டுகளை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் அந்தந்த ஊர்ப் பழைய பாடசாலையின் தொடக்க ஆண்டை எழுதிப் பாருங்கள். பல இடங்களில் பாடசாலை ரயிலுக்குச் சில வருடங்கள் பின்னால் வந்திருக்கும். ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியின் தொடக்க ஆண்டு 1892.

அந்த நகரப் பாடசாலைகள் லயத்துப் பிள்ளைகளுக்காக, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் வளர்ந்த தொழிலாளர் பிள்ளைகளுக்காக, திறந்தவை அல்ல. கடை முதலாளி, ரயில்வே ஊழியர், தோட்டத்துக் கிளாக்கர், கணக்கப்பிள்ளை, வசதியான பெரிய கங்காணி (தொழிலாளர் கூட்டத்தின் தலைவர்) ஆகியோரின் பிள்ளைகள்தான் அங்கே போனார்கள். ஆங்கிலம் படித்தார்கள், சம்பளம் கட்டினார்கள். லயத்துப் பிள்ளைக்கு என்று இருந்தது தோட்டப் பாடசாலை. 1907-ல் வந்த கிராமியப் பாடசாலைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்புக்குத் துரைமாரை, அதாவது தோட்ட நிர்வாகிகளை, பொறுப்பாக்கியது. நடைமுறையில் அது ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் படிப்பு என்றுதான் இருந்தது. வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்டம். பிள்ளை பெரியதானதும் கொழுந்துக் கூடையோ முள்ளுக்குத்தலோ (முள்ளால் மண்ணைக் கிளறும் வேலை) காத்திருக்கும் என்பது தோட்டத்துக்கும் தெரியும், வாத்தியாருக்கும் தெரியும்.

நகரப் பாடசாலை, தோட்டப் பாடசாலை என்ற இந்த இரண்டு தனித்தனிப் பாதைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1945-ல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. நாடு முழுக்கக் கிராமப் பிள்ளைகளுக்காக மத்திய கல்லூரிகள் எழுந்தன. 1950 வாக்கில் 54 மத்திய கல்லூரிகள் இருந்ததாகச் சொல்வார்கள். விடுதி, ஆய்வுகூடம், பெரிய மைதானம் எல்லாம் அந்தத் திட்டத்துக்குள்ளேயே இருந்தன. தோட்டப் பாடசாலைகள் அந்த அலையின் ஓரத்தில்தான் நின்றன. 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்து, தோட்டத் தமிழர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். வாக்கு இல்லாத மக்களின் பாடசாலைக்கு எந்த எம்.பி. மைதானம் வெட்டிக் கொடுப்பார்? ஏளனத்துக்காக இதைச் சொல்லவில்லை. இலங்கையில் பாடசாலை மைதானங்கள் பல எம்.பி. ஒதுக்கும் பணத்தில் வந்திருக்கின்றன.

1960, 61-ல் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. மலைநகர மிஷன் பாடசாலைகள் பலவும் அப்போதுதான் அரசாங்கப் பாடசாலைகள் ஆயின. 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். அதற்குப் பின் வந்த இருபது வருடச் சேர்விடாப்புகளை (மாணவர் சேர்க்கைப் பதிவேடுகளை) எடுத்துப் பார்த்தால், விலகிய காரணம் எழுதும் இடத்தில் ‘இந்தியா’ என்று எழுதப்பட்ட வரிகள் கண்ணில் படும். ஒரு பருவத்தில் நன்றாக ஓடிய பையன் அடுத்த பருவத்தில் தமிழ்நாட்டின் மண்டபம் முகாமில் இருப்பான். அஞ்சலோட்டத்துக்கு நாலு பேரைச் சேர்த்துப் பழக்கினாலும், எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று எந்த வாத்தியாராலும் சொல்ல முடியாத காலம் அது. விளையாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஏனோ தொடுவதே இல்லை.

1972-லும் 75-லும் தோட்டங்கள் அரசுடைமையாகின. தோட்டப் பாடசாலைகளும் எழுபதுகளில் படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. எண்பதுகளின் நடுவிலிருந்து சுவீடன் உதவியோடு புதுக் கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்து, மலையகத்திலிருந்தே பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் வெளிவரத் தொடங்கினார்கள். லயத்துப் பிள்ளைகள் நகரத்துப் பெரிய பாடசாலைக்குக் கூட்டமாக வந்ததும் இந்தக் காலத்தில்தான். இன்று ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு தமிழ்ப் பாடசாலையில் பெரும்பாலான பிள்ளைகள் தோட்டத்திலிருந்துதான் வருகிறார்கள். அதாவது, கிளாக்கர் மகனுக்காகக் கட்டிய கட்டடத்தில் கொழுந்து பறிக்கிற அம்மாவின் மகள் ஏ.எல். (உயர்தரம்) படிக்கிறாள். என்னைக் கேட்டால் மலையகத்தின் பெரிய சாதனை இதுதான். கட்டடம் ஓரளவு வளர்ந்தது. மைதானம் மட்டும் வளரவில்லை.

சரி, இப்போது மைதானத்துக்கு வருவோம். மலையகத்தில் சமதரை இயற்கையாகக் கிடைப்பது அபூர்வம். கிடைத்த இடங்களைத் துரைமார் முதலில் எடுத்துக்கொண்டார்கள். நுவரெலியாவின் நடுவில் இருக்கிற தட்டையான நிலத்தைப் பாருங்கள். 1875-ல் குதிரைப் பந்தயத் திடல், 1889-ல் கோல்ஃப் கிளப். ரதல்லையில் டிம்புள கிளப்பின் மைதானம், டிக்கோயாப் பக்கம் தரவளை கிளப்பின் மைதானம். இரண்டும் அழகான இடங்கள்தான். கிரிக்கெட்டும் ரக்பியும் மலையகத்தில் நூறு வருடத்துக்கு மேலாக ஆடப்படுகின்றன, ஆனால் அங்கே ஆடியவர்கள் வேறு. நம்மாட்கள் புல்லை வெட்டினார்கள், ரோலர் இழுத்தார்கள், எல்லைக்கு வெளியே போன பந்தை எடுத்துக் கொடுத்தார்கள்.

மலையின் அடியில், ஆற்றோரத்தில் கிடந்த சமதரைக்கு வேறு கதி. காசல்றீ நீர்த்தேக்கம் 1965-ல், மவுசாக்கலை 1969-ல். பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போய்விட்டது. வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயில் தலை காட்டும், பத்திரிகைகள் படம் போடும். 2012-ல் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் தலவாக்கலையில் ஆற்றோரத்தை எடுத்துக்கொண்டது. மின்சாரம் நாட்டுக்குத் தேவைதான், அதில் வழக்கில்லை. ஆனால் மலைநாட்டில் பள்ளத்தாக்கின் தரை போனால், ஒரு உதைபந்து மைதானத்துக்கு இடம் தேட மலையைத்தான் வெட்ட வேண்டும். மலையை வெட்டினால் மண்சரிவு. 2014 அக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களை மூடியதைப் பார்த்த பிறகு, சரிவை வெட்டி மைதானம் போடுகிறோம் என்று யாரும் இலேசாகக் கிளம்ப முடியாது. கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி வேண்டும், வேண்டியதும்தான்.

ஆகவே நகரத்தில் இருக்கிற ஒரே பொது மைதானத்தை எல்லாப் பாடசாலைகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஹட்டனில் அது டன்பார் மைதானம். நோர்வூட்டில் தொண்டமான் பெயரில் உள்ள மைதானம் பிற்காலத்தில் வந்தது. தமிழ்ப் பாடசாலை, சிங்களப் பாடசாலை, பொலிஸ், இளைஞர் கழகம், மே தினக் கூட்டம், சில வேளை ஹெலிகொப்டர் இறக்கம், எல்லாம் ஒரே புல்லில். தோட்டத்துக்குள் என்றால் பிரட்டுக்களம், அதாவது தொழிலாளர் காலையில் கூடும் இடம். காலையில் பேர் கொடுத்து வேலைக்குப் போன பிறகு, பின்னேரம் அந்தத் துண்டு நிலம்தான் பையன்களின் உதைபந்து மைதானம். பந்து கீழே உருண்டால் மூன்று நிரை தேயிலை தாண்டிப் போய் எடுத்து வர வேண்டும். அதனால்தானோ என்னவோ, நம் பையன்களிடம் பந்தைக் காலடியிலேயே வைத்து ஆடும் பழக்கம் உண்டு, நீளமாக உதைப்பவர்கள் குறைவு. இது என் ஊகம்தான்.

இனி உங்கள் கேள்விக்கு நேரடி விடை. எந்த விளையாட்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று பாருங்கள். கரப்பந்துக்கு 18க்கு 9 மீட்டர் போதும், சுற்றி ஓடக் கொஞ்சம் இடம். கபடிக்கு 13க்கு 10. இரண்டு லயத்துக்கு இடையிலேயே போடலாம். கரப்பந்து 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டும் கூட, அதனால் வலைக்கும் பந்துக்கும் பாடசாலையில் எப்படியாவது காசு கிடைத்துவிடும். வலைப்பந்துக்கு ஏறத்தாழ 30க்கு 15, அது பெண் பிள்ளைகளுக்குக் கிடைத்த பாக்கியம். கிரிக்கெட்டுக்கு? நல்ல ஆடுகளம், வலைப் பயிற்சிக்கு இடம், மட்டை, பாட், கையுறை, ஹெல்மெட். கடினப்பந்தில் ஒரு அணியை வருடம் முழுக்கக் கட்டிக் காக்கப் பாடசாலைக்குப் பணக்காரப் பழைய மாணவர் சங்கம் வேண்டும். மென்பந்து கிரிக்கெட் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. கடினப்பந்து இல்லை என்பதால் அதற்கு மேல் போக வழியில்லை.

முரளியைச் சொன்னீர்கள். முத்தையா முரளிதரன் மலையகத்தின் பிள்ளைதான். அவருடைய தாத்தா 1920-ல் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர். ஆனால் முரளி வளர்ந்தது கண்டிக்குப் பக்கத்தில், அப்பா பிஸ்கட் தொழில் செய்த வீட்டில். படித்தது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். அந்தக் கல்லூரி 1854-ல் தொடங்கியது, கிரிக்கெட்டில் ஊறிய இடம். வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த பையனை 14 வயதில் சுழலுக்கு மாற்றியவர் அங்கே இருந்த பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. மைதானம், பயிற்றுநர், வருடத்துக்கு ஒரு பருவம் முழுக்கப் போட்டிகள் என்ற மூன்றும் இருந்த இடத்தில் அந்த மணிக்கட்டு போய்ச் சேர்ந்தது. 800 டெஸ்ட் விக்கெட் கதை அங்கே தொடங்குகிறது. அப்படி ஒரு மணிக்கட்டோடு பொகவந்தலாவையில் எந்தப் பிள்ளையும் பிறக்கவில்லை என்று யாரால் அடித்துச் சொல்ல முடியும்?

ஓட்டத்துக்கு வருகிறேன். மலையகத் தமிழ்ப் பாடசாலையின் உண்மையான விளையாட்டு இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வருடத் தொடக்கத்தில் மரதன் ஓட்டத்தோடு இல்ல விளையாட்டுப் போட்டி ஆரம்பிக்கும். பெயர்தான் மரதன், தூரம் சில மைல்கள். பிரதான வீதியில் பொலிஸ் முன்னால் போக, பிள்ளைகள் ஏறி இறங்கி ஓடுவார்கள், பாதிப் பேர் வெறுங்காலோடு. அப்புறம் தகுதிகாண் போட்டிகள், இல்ல அலங்காரம், அணிநடை, வினோத உடை, கயிறிழுத்தல், பழைய மாணவர் ஓட்டம் என்று ஊரே கூடும் ஒரு நாள். இது ஜனவரி முதல் மார்ச்சுக்குள் நடப்பதற்குக் காரணம் வானம். ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கம் மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை மைதானம் சேறு. வருடத் தொடக்கத்தின் காய்ந்த மாதங்கள்தான் டிம்புள, டிக்கோயாத் தேயிலையின் தரமான பருவமும். தேயிலை விலை ஏறும் காலமும் பிள்ளைகள் ஓடும் காலமும் ஒன்று. பதுளை, பண்டாரவளைப் பக்கம் இதற்கு நேர்மாறு. அங்கே வருடக் கடைசியில்தான் பெருமழை, ஆடி ஆவணியில் காய்ந்த காற்று. ஊவா மலைச் சரிவுப் பாடசாலைகளுக்குப் பயிற்சிக் காலமே வேறு என்பதைக் கொழும்பில் இருந்து அட்டவணை போடுகிறவர்கள் மறந்துவிடுவார்கள்.

பாடசாலையில் வென்றவர்கள் கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று மேலே போக வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் ஹட்டன், நுவரெலியா, கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்தை என்று ஐந்து கல்வி வலயங்கள். மாகாணப் போட்டிக்குப் போனால் கண்டிப் பாடசாலைகளோடு மோத வேண்டும். இங்கேதான் நிலத்தின் வஞ்சம் தெரியும். நம் மைதானங்களில் 400 மீட்டர் சுற்று போட இடமில்லை. எட்டுச் சுவடோடு (ஓடுபாதைகளோடு) முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 177க்கு 93 மீட்டர் வேண்டும். ஆகவே 200 மீட்டர் சுற்று வரைவார்கள். முழுச் சுற்றின் வளைவுக்கு ஆரம் 36.5 மீட்டர். 200 மீட்டர் சுற்றில் நேர்ப்பகுதியை 50 மீட்டர் என்று வைத்தால் ஆரம் 16 மீட்டர்தான். அந்த வளைவில் முழு வேகத்தில் ஓடினால் உடம்பு வெளியே தள்ளும், ஆகவே பிள்ளை தானாகவே வேகத்தைக் குறைக்கப் பழகிவிடுகிறது. 100 மீட்டரை நேர்கோட்டில் ஓடக்கூட சில இடங்களில் மைதானத்தை மூலைக்கு மூலை பிடிக்க வேண்டும். அப்படிப் பழகிய பிள்ளை கண்டியின் போகம்பரை மைதானத்துக்குப் போய், வாடகை ஸ்பைக்ஸ் போட்டுக்கொண்டு, முதல் தடவையாகப் பெரிய வளைவில் நிற்கிறது. குறுந்தூரத்தில் நாம் பின்தங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம். 1500, 3000, 5000 மீட்டரில் வளைவு அவ்வளவு தண்டிப்பதில்லை. அங்கே வீதியில் ஓடிப் பழகிய கால் உதவுகிறது.

உயரத்தில் பிறந்ததால் மலையகப் பிள்ளைக்கு மூச்சு அதிகம் என்று எல்லா மேடையிலும் பேசுவார்கள். பாதிதான் சரி. இரத்தத்தில் சிவப்பணு கூடும் அளவுக்கு உயரம் வேண்டுமென்றால் ஏறத்தாழ 2,000 மீட்டரும் அதற்கு மேலும் என்று பயிற்சி நூல்கள் சொல்கின்றன. நுவரெலியா 1,868 மீட்டர், விளிம்பில் நிற்கிறது. ஹட்டன் 1,300 மீட்டருக்கும் கீழே. ஆக, கென்யா கதையை இங்கே அப்படியே ஒட்ட முடியாது. நம் பிள்ளையின் பலம் அன்றாட நடை. மேல் கணக்கிலிருந்து (தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து) சந்திக்கு இறங்கி, பஸ் பிடித்து, பின்னேரம் அதே மலையில் ஏறுகிற பிள்ளை வருடக்கணக்கில் சம்பளமில்லாத பயிற்சி செய்துகொண்டிருக்கிறது. அந்த நடைக்குப் போதுமான சாப்பாடு உடம்புக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் மறுபக்கம்.

மைதானம் இல்லை என்று சொல்லியே எல்லாவற்றையும் மூடிவிடவும் கூடாது. அதே மத்திய மாகாணத்தில், மெனிக்ஹின்னையில் வலல ஏ. ரத்நாயக்க மத்திய கல்லூரி இருக்கிறது. கொழும்புப் பணக்காரப் பாடசாலை இல்லை, கிராமத்து அரசாங்கப் பாடசாலை. அகில இலங்கை மெய்வல்லுநர் (தடகள) போட்டிகளில் பெரிய பெயர்களை எல்லாம் தள்ளிவிட்டு முன்னால் நின்றிருக்கிறது. அங்கே இருந்தது வருடக்கணக்காக ஒரே இடத்தில் நின்ற பயிற்றுநரும், ஓடுகிற பிள்ளைக்குத் தங்க இடமும். நம் பாடசாலைகளில் உடற்கல்விக்கு என்று வருகிற ஆசிரியர் இரண்டு வருடத்தில் இடமாற்றம் கேட்பார், அல்லது கணிதத்துக்கு ஆளில்லை என்று அவரையே கணிதம் படிப்பிக்கச் சொல்வார்கள். பாடசாலை ஒன்றரை மணிக்கு விடும், தோட்டத்து பஸ் அதைத் தொட்டே கிளம்பும். பயிற்சிக்கு நின்றால் பஸ் போய்விடும், அடுத்த பஸ் இருட்டில். பெண் பிள்ளை என்றால் வீட்டில் விடமாட்டார்கள், விடாததில் நியாயமும் உண்டு. ஒரு விடுதியும் ஒரு வேளைச் சாப்பாடும் இருந்தால் மைதானத்தின் குறை பாதி மறையும் என்பது என் கட்சி. பழைய மாணவர் சங்கங்கள் நுழைவாயில் வளைவு கட்டுவதை நிறுத்திவிட்டு இதற்குச் செலவழிக்கலாம்.

இன்னொன்று, பாடசாலை முடிந்த பிறகு என்ன? இலங்கையில் மெய்வல்லுநர்கள் பெரும்பாலும் இராணுவம், கடற்படை, விமானப்படை அணிகளில்தான் நிலைக்கிறார்கள். சம்பளம், சாப்பாடு, பயிற்றுநர், சப்பாத்து எல்லாம் அங்கேதான் கிடைக்கும். யுத்த காலத்தில் மலையகத் தமிழ்ப் பையன்கள் அந்தப் பக்கம் போவது மிகக் குறைவு, காரணத்தை விளக்க வேண்டியதில்லை. அதனால் இருபது வயதோடு ஓட்டம் முடிந்து, கொழும்பில் கடை வேலை. தேசிய மட்டத்தில் 10,000 மீட்டரில் வென்ற மலையக வீரர் குமார் சண்முகேஸ்வரன் இராணுவ அணிக்காகத்தான் ஓடினார். அவருடைய கால் எந்த அளவுக்குக் காரணமோ, பின்னால் நின்ற அந்த அமைப்பும் அதே அளவுக்குக் காரணம்.

மலருக்கு எழுதும்போது சில நடைமுறை விஷயங்கள். பாடசாலையின் பழைய சம்பவக் குறிப்புப் புத்தகத்தையும் சேர்விடாப்பையும் அதிபரிடம் கேட்டு முதலில் படமெடுத்து வையுங்கள், ஈரத்தில் தாள் ஒட்டிக்கொண்டு போகிறது. மிஷன் பாடசாலை என்றால் மெதடிஸ்த மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் லண்டனில் சோவாஸ் நூலகத்தில் இருக்கின்றன, அங்கிலிக்கன் மிஷனுடையவை பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில். பழைய மலர்கள் பல நூலகம் இணையத்தளத்தில் ஏறியிருக்கின்றன, அங்கே முதலில் தேடுங்கள், செலவில்லை. அதைவிட அவசரம் பழைய விளையாட்டுத் தலைவர்கள், குறிப்பாக எழுபதுகளில் ஓடிய பெண்கள். அவர்களைப் பற்றி மலர்களில் ஒரு வரி கூட இருக்காது. சாதனை நேரம் ஏதாவது சொன்னால் இரண்டைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்த அளவுச் சுற்றில் ஓடியது, கைக்கடிகாரத்தில் எடுத்ததா மின்னணுவில் எடுத்ததா. கையால் எடுத்த 100 மீட்டர் நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிடும்போது 0.24 வினாடி கூட்ட வேண்டும், 400 மீட்டருக்கு 0.14. இதைக் கவனிக்காமல் போட்ட சாதனைப் பலகைகள் எத்தனையோ அதிபர் அறைகளில் தொங்குகின்றன. புதிதாக ஓடுகிற பிள்ளை முறியடிக்கவே முடியாத நேரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.